தொங்கிய மணிக்கட்டு

பங்குனி உத்திரத்தன்று செட்டிகுளம் மலையடிவாரத்தில் வெற்றிச்செல்வி மொட்டை அடித்துக்கொண்டாள். இடுப்பைத் தாண்டித் தொங்கிய முடி. கத்தியை வைப்பதற்கு முன்னால் முடி இறக்குபவரே ஒரு தடவை யோசித்தார்.

"பூமுடி குடுத்தாப் போதாதாம்மா? டீச்சருன்னு சொல்றீங்க. பள்ளிக்கூடம் போவணும்ல?"

பக்கத்தில் நின்ற அம்மா பொன்னாயியும், "அதத்தான் நானும் தலபாடா அடிச்சிக்கிறேன், கேக்கவே மாட்டேங்குறா" என்றாள்.

செல்வி கத்திக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள். தம்பியின் கை சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள். முருகனிடம் போய் மூணு விரல் முடி, நாலு விரல் முடி என்று பேரம் பேச அவளுக்கு மனசு வரவில்லை. தம்பி அஜித்குமார் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். வலது மணிக்கட்டு வாடிய வாழையிலை மாதிரி மடிந்து தொங்கியது. அக்காவின் முடி மடியில் வந்து விழ ஆரம்பித்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாவம், தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று செல்வி நினைத்தாள்.

அந்தக் கை அப்படி ஆனதற்குத் தான்தான் காரணம் என்பது அவளுடைய தீராத உறுத்தல்.

முந்தைய ஆவணியில்தான் அவளுக்கும் அரியலூர் கலைமணிக்கும் பூ வைத்தார்கள். கலைமணி சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரிஷியன். அதிகம் பேசாதவர், பேசினால் எதிராளி சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறவர். தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. புரட்டாசியில் அவருடைய தங்கை பிள்ளைக்குக் காது குத்து. அதற்குப் போய்விட்டு, வெங்காய லோடு வண்டிக்குப் போகும் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு செல்விதான் ஸ்கூட்டியை ஓட்டி வந்தாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போன வண்டியை முந்திக்கொண்டு எதிரே அவர்கள் மேலே ஏறுவதுபோல் வந்தது. செல்வி மண்ணில் இறக்கினாள். வண்டி சறுக்கியது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அஜித்துக்கு வலது மேல்கை எலும்பு முறிந்தது.

கைக்குள்ளே எலும்போடு தகடு வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடிக்கொண்டது. ஆனால் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, விரல்களை நீட்ட முடியவில்லை. திருச்சியில் நரம்புக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். முன்னங்கையின் பின்புறத்தில் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, முழங்கைக்குப் பக்கத்தில் லேசாகக் கரண்டு வைத்தார்கள். விரல்கள் வெடுக்கென்று எழுந்தன. தோளுக்குக் கீழே வைத்தார்கள். கை செத்த மீன் மாதிரி கிடந்தது.

"மேல்கை எலும்பைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு போகுது. எலும்பு முறிஞ்சப்ப அது நசுங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "அறுபடல. ஒயருக்கு மேல ரப்பர் இருக்குல்ல, அது மாதிரி உறை மட்டும் சேதமாயிருக்கு. அடிபட்ட இடத்துக்குக் கீழ தட்டுனா பதில் சொல்லுது. மேல தட்டுனா அந்த இடத்தத் தாண்டி வரமாட்டேங்குது. நாலஞ்சு மாசத்துல தானா வந்துடும். வரலேன்னா கூட்டிட்டு வாங்க."

வரவில்லை. தை வந்தது, கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. செல்வி தினமும் காலையில் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் தம்பிக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுவாள், தலை வாரிவிடுவாள், சோற்றைப் பிசைந்து உருட்டி வைப்பாள். பிறகு அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்திவிட்டு, "எங்க, தூக்கு பாப்போம்" என்பாள். அவன் பல்லைக் கடிப்பான், நெற்றியில் வேர்க்கும், கழுத்து நரம்பு புடைக்கும். கை அசையாது. "பரவால்லடா, நாளைக்கிப் பாப்போம்" என்று எழுந்து போவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுவாள். ஒரு நிமிஷம் முன்னாலேயே பிரேக்கைப் பிடித்திருக்கலாமே என்று நினைத்து நினைத்து அந்தச் சாலையை மறுபடி மறுபடி ஓட்டுவாள்.

மறுபடி டாக்டரிடம் போகலாம் என்றால் பொன்னாயி, "அவங்கதான் தானா வரும்னுட்டாங்களே, சும்மா கரண்டு வச்சிப் புள்ளயப் போட்டு வதைக்காத" என்று தட்டிவிடுவாள். வைகாசியும் போயிற்று. கலைமணி போனில் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு நாளாகும்னு மட்டும் சொல்லு செல்வி. நான் வூட்டுல பேசிக்கிறேன்."

"எனக்கே தெரியலயேங்க. அவனுக்குச் சாப்பாடு ஊட்டி விடுற நெலமையில வச்சிட்டு நான் எப்படி மாலைய மாத்திக்கிட்டு வர்றது?"

"இங்க வந்துட்டும் பாக்கலாம்ல. அத்தையும் அவனும் இங்கயே வரட்டும்."

அவள் அதை அம்மாவிடம் சொன்னாள். "மருமவன் வூட்டு வாசல்ல போயி ஒக்காரச் சொல்றியா?" என்று பொன்னாயி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

ஆடி மாதம், பதினொன்றாம் வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் வந்தது. செல்வியின் தலையில் முடி அப்போது பையன்களுக்கு இருப்பது மாதிரி வளர்ந்திருந்தது. மொட்டைத் தலையோடு முதல் நாள் வந்தபோது சிரித்த பிள்ளைகள் இப்போது பழகிவிட்டிருந்தார்கள். அவள் போர்டில் ஒரு நியூரானை வரைந்தாள். நடுவில் செல் உடல். அதைச் சுற்றி வேர் மாதிரி டெண்ட்ரைட்டுகள். ஒரு பக்கம் நீளமாக இழுத்துக்கொண்டு போகும் வால், அது ஆக்ஸான்.

"டெண்ட்ரைட் வழியா செய்தி உள்ள வரும். ஆக்ஸான் வழியா வெளிய போகும். உங்க கைய அசைக்கிற செல்லு எங்க இருக்கு தெரியுமா? கழுத்துல, தண்டுவடத்துக்குள்ள. அங்கேருந்து அதோட வால் முழங்கைக்குக் கீழ வரைக்கும் வருது. கண்ணுக்கே தெரியாத செல்லுக்கு ஒரு முழத்துக்கு மேல வால்."

பிள்ளைகள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இது வீட்டு ஒயர்ல ஓடுற கரண்டு மாதிரி இல்ல. சும்மா இருக்கும்போது ஆக்ஸானுக்கு உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். தூண்டல் வந்ததும் அதோட சவ்வுல இருக்குற கதவு திறக்கும். வெளிய காத்துக்கிட்டிருக்குற சோடியம் திபுதிபுன்னு உள்ள வரும். அந்த இடம் பிளஸ்ஸா மாறும். அதப் பாத்து அடுத்த கதவு திறக்கும். பின்னாடியே பொட்டாசியம் வெளிய போயி எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடும். இப்படியே ஓடும். தூண்டல் போதலேன்னா போகவே போகாது, போதும்னா முழுசாப் போகும். பாதிச் செய்தின்னு ஒண்ணு கெடையாது."

பிறகு ஆக்ஸான் மேல் துண்டு துண்டாக உறையை வரைந்தாள். "இது மையலின். நடுவுல விட்ட எடம்தான் கணு. செய்தி கணுவுக்குக் கணு குதிச்சுப் போகும். அதான் அவ்வளவு வேகம்."

முதல் பெஞ்சு நந்தினி எழுந்தாள். "மிஸ், அந்த உறை நசுங்கிட்டா?"

"குதிக்க முடியாம செய்தி அங்கயே நின்னுடும்."

"அப்புறம் வரவே வராதா மிஸ்?"

"உள்ள ஆக்ஸான் அறுபடாம இருந்தா உறை திரும்ப வளந்துடும். சில மாசத்துல வந்துடும்."

சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். தன் வாயால் சொன்னதை முதல் தடவையாகக் கேட்பதுபோல் இருந்தது. பத்து மாதமாகிறதே, ஏன் வரவில்லை? உள்ளே வேறு ஏதோ அறுபட்டிருக்கிறது, நாம்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னாள்.

"ஆடி மாசம் ஆஸ்பத்திரிக்குப் போறவ எவளாச்சும் உண்டா?" என்றாள் பொன்னாயி. "மாசம் பொறக்கட்டும்."

ஆடி முடிந்தது. இனியும் காத்திருக்க முடியாது என்று கலைமணி வீட்டில் வேறு இடம் பார்த்தார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கலைமணிக்கு ஜெயங்கொண்டத்துப் பெண்ணோடு கல்யாணம் ஆயிற்று. செல்வி அன்று லீவு போடாமல் பள்ளிக்கூடம் போய் எல்லா வகுப்பும் எடுத்தாள். கூட வேலை பார்க்கும் வேணி டீச்சர்தான் மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள்.

காலாண்டு விடுமுறை வந்ததும் செல்வி யாரையும் கேட்கவில்லை. "கெளம்புடா" என்றாள். அஜித் தலைவலி என்றான், வயிற்றுவலி என்றான். அவள் சட்டையை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

அதே டாக்டரம்மா. அதே வில்லைகள். முழங்கைக்குப் பக்கத்தில் கரண்டு வைத்தார், விரல்கள் எழுந்தன. செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தோளுக்குக் கீழே வைத்தார். கை துள்ளி எழுந்தது. மணிக்கட்டும் ஐந்து விரலும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து விழுந்தன. திரையில் அலை ஒன்று குன்று மாதிரி ஏறி இறங்கியது.

"வந்துடுச்சு! மேடம், வந்துடுச்சுல்ல?" செல்விக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அஜித்து, பாத்தியாடா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முன்னங்கைத் தசைக்குள் மெல்லிய ஊசி ஒன்றைச் செலுத்தினார். தசை வேலை செய்தால் அந்த மிஷினில் சத்தம் கேட்கும் என்றார். "கையைத் தூக்குப்பா." அவன் பல்லைக் கடித்தான், நெற்றி வேர்த்தது. மிஷின் சத்தமே போடவில்லை. "சரி, விடு. இப்ப என் விரல நல்லா இறுக்கிப் புடி. எவ்வளவு முடியுமோ அவ்வளவு." அவன் பிடித்தான். மிஷினிலிருந்து தகரத்தின் மேல் ஆலங்கட்டி விழுவதுபோல் படபடவென்று சத்தம் கொட்டியது.

 இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டைத் தூக்குகிற தசையும் சேர்ந்து இழுத்தாக வேண்டும் என்பது செல்விக்குத் தெரியும். அஜித்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "நரம்பு முழுசா சரியாயிருக்கு. இன்னிக்கி நேத்து இல்ல, வந்து பல மாசம் ஆயிருக்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன், அவசரப்பட்டு அவர எதுவும் கேட்டுடாதீங்க. சில பேருக்கு நரம்பு நல்லா இருந்தும் கை வராது. மூளை அந்தக் கைய விட்டுடும். அது நடிப்பு இல்ல, அதுவும் வியாதிதான். வைத்தியம் இருக்கு."

அந்த வார்த்தையைச் செல்வி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் ஆலத்தூர் கேட் வரும் வரைக்கும் தம்பிக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். பயத்தில் மூளை கையை மறந்திருக்கிறது, மெதுவாக ஞாபகப்படுத்திவிடலாம், உன் மேல் தப்பே இல்லை, நான்தான் உன்னைக் கீழே போட்டேன். அவன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அவள் துப்பட்டாவால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் பொன்னாயி சின்ன வெங்காயத்தைக் குவித்துப்போட்டு அதன் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. செல்வி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, கை சரியாயிடுச்சும்மா! நரம்பு முழுசா கூடிடுச்சாம்!"

பொன்னாயியின் அரிவாள் நின்றது. அவள் மகளைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியாடா?" என்றாள்.

செல்விக்கு முதலில் புரியவில்லை. சந்தோஷத்தில் அம்மா ஏதோ மாற்றிக் கேட்கிறாள் என்று சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அவள் முகத்திலேயே போக இடமில்லாமல் நின்றது.

"எத சொல்லிட்டான்?"

பொன்னாயி வெங்காயத்தைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள். அஜித் வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"எப்பலேருந்துடா?"

"அக்கா..."

"எப்பலேருந்துன்னு கேட்டேன்."

"மாசியில வந்துடுச்சுக்கா."

மாசி. அதற்கடுத்த மாதம் பங்குனி. செல்வியின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. "அப்ப நான் மொட்ட அடிக்கிறப்ப..."

"பூமுடி போதும்னு சொன்னேன்ல" என்றாள் பொன்னாயி.

செல்வி அம்மாவையே பார்த்தாள். அந்த முகத்தில் குற்ற உணர்ச்சி இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அதில் இருந்தது குறைதான், சொன்ன பேச்சைக் கேட்காத மகள் மேல் ஒரு தாய்க்கு இருக்கும் சாதாரணக் குறை.

அவள் தம்பியின் முன்னால் போய் நின்றாள். "தூக்கு" என்றாள். அவன் அசையவில்லை. "தூக்குடா." அவன் வலது கையை எடுத்தான். மணிக்கட்டு நிமிர்ந்தது. விரல்கள் ஐந்தும் விரிந்தன. எந்தச் சிரமமும் இல்லை, பல்லைக் கடிக்கவில்லை, வேர்க்கவில்லை. மாசியிலிருந்து எத்தனை காலை இந்தக் கையை மடியில் போட்டு நீவியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் இவன் அவள் முகத்துக்கு நேராக அந்த வேர்வையை வரவழைத்திருக்கிறான்.

"அம்மாதான் கொஞ்ச நாளு சும்மா இருன்னுச்சு" என்றான் அஜித். "அப்புறம் வுட்டுடலாம்னு நெனச்சேன்க்கா. எந்த நாளு வுடுறதுன்னு தெரியல. நீ மொட்ட போட்டதுக்கப்புறம் சொல்லவே பயமாயிடுச்சு."

"ஏம்மா?"

பொன்னாயிக்கு அப்போதுதான் குரல் உடைந்தது. "ஒங்கப்பன் செத்த அன்னிக்கி நீ ஆஸ்டல்ல இருந்த, இவன் வெங்காய லோடு ஏத்திக்கிட்டு வண்டியில போயிட்டான். விடியிற வரைக்கும் பொணத்தோட ஒத்தையில ஒக்காந்திருந்தேன். நீ அரியலூரு போயிருவ. இவன் கை நல்லானா திரும்ப வண்டியேறிடுவான். இந்த வூட்டுல நான் மறுபடி ஒத்தையில கெடக்கணுமா? ரெண்டு பேரும் இருக்கட்டுமேன்னு பாத்தேன். ஒரு வருசம் தள்ளிப்போட்டா என்னா கொறஞ்சிரும்னு நெனச்சேன். அவங்க இப்படி வேற எடம் பாப்பாங்கன்னு நான் கண்டேனா?"

"பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனேம்மா."

"சொன்னா நீ இருப்ப. ஊரு என்னா சொல்லும்? பெத்தவளே பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தான்னுல்ல சொல்லும்?"

 கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்த இருவரும் செல்வி உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் பெரம்பலூர் வந்து வேணி டீச்சர் வீட்டு மாடியில் ஒரு அறைக்குக் குடிவந்தாள்.

அஜித் ஐப்பசியில் மறுபடி லோடு வண்டி ஏறினான். பொன்னாயி எந்தத் தனிமைக்குப் பயந்து அதையெல்லாம் செய்தாளோ அந்தத் தனிமையிலேயே உட்கார்ந்தாள். ஊருக்கு மட்டும் வேறு கதை போயிற்று. செல்வி ஒரு நாள் வீட்டில் விட்டு வந்த துணிகளை எடுத்து வரப் போனபோது டவுன் பஸ்ஸில் பக்கத்து வீட்டு பஞ்சவர்ணம் அவள் தாடையைத் தொட்டு முத்தமிட்டாள்.

"ஒன்னோட மொட்டைக்கித்தான்டி முருகன் எறங்குனான். ஒரு பொட்டப்புள்ள தலைமுடியக் குடுத்தா சாமி சும்மா இருப்பானா? ஒங்கம்மா சொல்லிச் சொல்லி அழுவுது."

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலைமணி போன் செய்தார். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் ஒரு பெண் சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"தம்பிக்குக் கை சரியாயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்."

"ஆமாங்க."

 பிறகு, "எப்ப சரியாச்சு?" என்றார்.

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுமோ என்று அந்த மனுஷன் இத்தனை நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது செல்விக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாசியிலேயே சரியாகிவிட்டது, என்னையும் உங்களையும் சேர்த்துத்தான் ஏமாற்றினார்கள் என்று சொன்னால் பாரம் பாதியாகக் குறையும். குறைகிற பாதி அந்தச் சிரிக்கும் பெண்ணின் வீட்டில் போய் இறங்கும்.

"இப்பத்தாங்க" என்றாள் செல்வி. "போன மாசம்தான்."

"அப்படியா" என்றார் கலைமணி. மூச்சு விட்டது தெரிந்தது. "நல்லாருக்கட்டும். நீயும் நல்லாரு செல்வி."

போனை வைத்துவிட்டு அவள் மொட்டைமாடிக்கு வந்தாள். கீழே துறைமங்கலம் பக்கம் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. தலைமுடியை, கல்யாணத்தை, கழிந்த வருஷத்தை எல்லாம் ஏதாவது ஒரு நாள் மன்னித்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அவர்கள் சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவளே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இனி அவள் மன்னிக்கிற இடத்தில் இல்லை; அம்மாவும் தம்பியும் அவளும் ஒரே பக்கம்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வரச் சொல்லி பொன்னாயி ஆள் மேல் ஆள் விட்டாள். செல்வி போகவில்லை.